பளு தூக்குமுன் பத்து நிமிடம்

பெங்களூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு நல்ல பழக்கம் பரவி வருகிறது. கல்லூரியில் பயிலும் மகனும், நாற்பதைக் கடந்த தந்தையும், சில இல்லங்களில் தாயும் மகளுங்கூட, விடியற்காலையில் எழுந்து தெருமுனையிலுள்ள தேகப்பயிற்சிக் கூடத்திற்குச் செல்கின்றனர். நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து உழைப்பவர் மிகுந்துள்ள இந்நகரில் இஃது வரவேற்கத் தக்கது.

ஆயினும் அக்கூடங்களில் அன்றாடம் காணும் ஒரு காட்சி கவலை தருகிறது. உள்ளே நுழைந்தவர் கைப்பேசியை ஓரமாக வைக்கிறார், நேரே இரும்புத் தண்டின் அருகே செல்கிறார், சென்ற முறை தூக்கிய எடை முழுவதையும் இருபுறமும் மாட்டுகிறார், தூக்குகிறார். ஏன் இந்த அவசரம் என்று வினவினால், ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும், வழியில் சில்க் போர்டு நெரிசலைக் கடக்க வேண்டும் என்பார். நேரம் போதாதபோது முதலில் கைவிடப்படுவது, ஜிம்களில் ‘வார்ம் அப்’ என்று கூறப்படும் முன்பயிற்சியே ஆகும்.

இம்மாதம் நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. நேரம் குறைந்தால் பளுவைக் குறைத்துக்கொள்ளுங்கள், சுற்றுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், முன்பயிற்சியை மட்டும் குறைக்காதீர்கள்.

இந்நகரின் பழைய வழக்கம்

உடலைப் படிப்படியாகப் பயிற்சிக்கு ஆயத்தம் செய்வது மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று எண்ண வேண்டா. பெங்களூரின் பேட்டைப் பகுதிகளிலும் மைசூரிலும் கன்னட மக்கள் ‘கரடி மனை’ என்று வழங்கும் மல்லர் கூடங்கள் உண்டு. அங்கே பழகுவோர் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகியவற்றால் உடலைப் பதப்படுத்திக் கொள்வது நெடுநாளைய வழக்கம். நம் சிற்றூர்களில் கர்லாக்கட்டை சுழற்றியவரும் இளவட்டக்கல் தூக்கியவரும் இதை அறியாதவரல்லர். அன்றியும், அவர்கள் அக்கல்லின்முன் வந்து நின்றது பெரும்பாலும் வயலிலோ களத்திலோ உழைத்துப் பழகிய உடம்போடு. நம் வாலிபரோ எட்டு மணி நேரம் கணிப்பொறி முன் அமர்ந்த உடம்போடு வருகிறார்.

இந்நகரில் இரும்புப் பயிற்சிக்குப் பெரும் புகழ் தேடித் தந்தவர் கோலாரைச் சார்ந்த கே. வி. ஐயர். 1920களில் அவர் இங்கு நடத்திய ஹெர்குலிஸ் பயிற்சிக் கூடம் நாடெங்கும் அறியப்பட்டது. மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அவரை ஆதரித்தார். 1930இல் ‘மஸில் கல்ட்’ என்ற நூலை எழுதிய அதே ஐயர், 1937இல் சூரிய நமஸ்காரத்தைப் பற்றியும் தனி நூல் வெளியிட்டார். பளுவும் ஆசனமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பது அவர் கொள்கை. அவரோடு இணைந்து உழைத்த தமிழரான வழக்கறிஞர் சுந்தரம், 1920களின் இறுதியில் யோக முறை உடற்பயிற்சி பற்றிய ஆங்கில நூலைப் பெங்களூரிலிருந்து வெளியிட்டார். உடலை வளைத்தும் நிமிர்த்தியும் பழக்குவதும் பளுவேற்றுவதும் ஒரே கல்வியின் இரு பகுதிகள் எனக் கண்ட ஊர் இது.

உடலுள் நிகழ்வது யாது?

ஓய்வில் இருக்கும்போது கைகால் தசைகளின் வெப்பம், உடலின் உள்வெப்பமாகிய 37 டிகிரியைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரில், மார்கழி, தை மாத விடியல்களில் காற்றின் வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. சென்னையிலும் மதுரையிலும் வளர்ந்த உடம்பு இங்கே குளிர்ந்து விறைத்திருப்பதில் வியப்பில்லை.

சில நிமிடம் மிதமாக உழைத்தவுடன் மாறுதல்கள் தொடங்குகின்றன. ஓய்வின்போது இதயம் செலுத்தும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கே தசைகளுக்குச் செல்கிறது. கடும் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்குவரை அவற்றிற்கே செல்லும். அதற்கேற்பக் குருதிக் குழாய்கள் விரிய வேண்டும். அதற்குச் சிறிது காலம் தேவை. சூடேறிய தசை விரைவாகச் சுருங்குகிறது. நரம்பின் கட்டளையும் விரைந்து செல்கிறது. மூட்டுகளில் உள்ள நீர் இளகி, அசைவு எளிதாகிறது. குளிர்ந்த எண்ணெய் அடுப்பில் வைத்தபின் இளகி ஓடுவதை நம் இல்லத்தரசியர் நன்கு அறிவர். ஏறத்தாழ அஃதே இது.

டென்மார்க் நாட்டு அறிஞர்களான ஆஸ்முசன், போயே ஆகிய இருவரும் 1945இலேயே இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். தசையின் வெப்பம் உயர உயர, குறுகிய நேரக் கடும் உழைப்பை மனிதன் விரைவாகச் செய்து முடிக்கிறான் என்று அவர்கள் கண்டனர். ஆகவே, ‘முன்பயிற்சியில் வலுவைச் செலவிட்டால் பளு தூக்க வலு இராது’ என்று சில இளைஞர் கூறுவது பொருந்தாது. அளவோடு செய்யும் முன்பயிற்சி வலுவைக் கூட்டுகிறது.

இதயத்திற்கும் அறிவிப்பு வேண்டும்

2021ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் கன்னடத் திரையுலகின் அன்புக்குரிய நடிகர் புனித் ராஜ்குமார் தமது 46ஆம் வயதில் மறைந்தபோது இந்நகரமே கலங்கியது. அதனைத் தொடர்ந்து இதய மருத்துவமனைகளில் பரிசோதனைக்கு வந்தோர் கூட்டம் பல நாள் பெருகியிருந்தது. தேகப்பயிற்சியே ஆபத்து என்று பல இல்லங்களில் முடிவு கட்டினர், பிள்ளைகளைத் தடுத்தனர். ஒருவரது மறைவுக்குக் காரணம் கற்பிப்பது நம் வேலையன்று. ஆனால் அந்த அச்சத்தால் பயிற்சியையே கைவிடுவது தவறு என்பதை மட்டும் உறுதியாகக் கூறலாம். முறையான உடற்பயிற்சி இதயத்திற்குக் காப்பு என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை.

இதயத்திற்குப் பிடிக்காதது திடீர்த் தாக்குதலே. 1973இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், 21 முதல் 52 வயது வரையுள்ள, நோய்க் குறியற்ற 44 ஆடவரைச் செங்குத்தாகச் சாய்ந்த ஓட்டப் பொறியில் முன்னறிவிப்பின்றிப் பத்துப் பதினைந்து வினாடி வேகமாக ஓடச் செய்தனர். பெரும்பாலோரின் இதய மின்வரைபடத்தில், இதயத் தசைக்கு இரத்தம் போதாதபோது தோன்றும் மாறுதல்கள் காணப்பட்டன. இரண்டு நிமிடம் மெல்ல ஓடியபின் அதே சோதனையைச் செய்தபோது, அம்மாறுதல்கள் பெரும்பாலும் மறைந்தன அல்லது குறைந்தன. பிந்தைய ஆய்வுகள் சிலவற்றில் இத்தகைய மாறுதல்கள் இவ்வளவு பேரிடம் தோன்றவில்லை. எனினும் இரண்டு நிமிடச் செலவில் கிடைக்கும் இக்காப்பை ஒதுக்குவானேன்? நாற்பதைக் கடந்தவர்க்கும், இரத்த அழுத்தம், நீரிழிவு உடையவர்க்கும், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்க்கும் இது இரு மடங்கு பொருந்தும். இவர்கள் மருத்துவரைக் கண்டபின்னரே பளுவைத் தொடுதல் நலம்.

வேலூர் வீரர் தரும் பாடம்

நம் வாசகர் பலரின் சொந்த மாவட்டமாகிய வேலூரில் சத்துவாச்சாரியைச் சேர்ந்தவர் சதீஷ் சிவலிங்கம். 2014இல் கிளாஸ்கோவில் நிகழ்ந்த காமன்வெல்த் விளையாட்டில், 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் பெற்றார். 2018இல் கோல்டு கோஸ்டில் மீண்டும் தங்கம். ஆனால் அம்முறை தூக்கியது 317 கிலோ. தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்றபோது தொடைத் தசையில் காயமுற்றதையும், அது முற்றிலும் ஆறாத நிலையிலேயே போட்டியிட்டதையும் அவரே பின்னர்க் கூறினார். அன்று தங்கம் உறுதியானதும் கடைசி முயற்சியை அவர் மேற்கொள்ளவில்லை.

பிறவியிலேயே பளுதூக்கும் குடும்பத்தில் வளர்ந்து, நாள்தோறும் பயிற்சியாளர் மேற்பார்வையில் பழகிய வீரருக்கே தொடைத் தசை இவ்வாறு துன்பம் தருமாயின், வாரம் மூன்று நாள் வரும் நம் இளைஞர் எவ்வளவு கவனமாக இருத்தல் வேண்டும்! முன்பயிற்சி செய்தால் காயமே வராது என்று யாரும் உறுதி கூற இயலாது. வாய்ப்பைக் குறைக்கும் என்பதே நாம் கூறத்தக்கது.

பளுதூக்கும் போட்டியின் ஒழுங்கையும் நோக்குக. மேடைக்குப் பின்னே முன்பயிற்சிக்கெனத் தனி அறை உண்டு. முதற் பகுதியாகிய ‘ஸ்நாட்ச்’ முடிந்ததும், அடுத்த பகுதிக்கு உடலை ஆயத்தம் செய்யப் பத்து நிமிட இடைவேளை விதியிலேயே அளிக்கப்படுகிறது. உலக வீரர்க்கு வேண்டிய பத்து நிமிடம் நமக்கு வேண்டாவா?

செய்யும் முறை

முதலாவது, உடல் முழுவதையும் சூடேற்றுதல். ஐந்து நிமிடம் விரைந்து நடக்கலாம், கயிறு தாண்டலாம், மிதிவண்டிப் பொறியில் மிதிக்கலாம், சூரிய நமஸ்காரம் சில சுற்றுகள் செய்யலாம். மூச்சு சிறிது விரைய வேண்டும்; நெற்றியில் வியர்வை அரும்ப வேண்டும்; ஆனால் பேச முடியாத அளவுக்கு இரைக்கக் கூடாது.

இரண்டாவது, மூட்டுகளை இயக்குதல். தோள்களைச் சுழற்றுதல், கால்களை முன்னும் பின்னும் வீசுதல், கையில் எடையின்றிப் பத்துப் பஸ்கி எடுத்தல் ஆகியன போதும். ஒரே நிலையில் நெடுநேரம் தசையை இழுத்துப் பிடிப்பதைப் பயிற்சி முடிந்தபின் வைத்துக்கொள்க. பளுவிற்கு முன் ஒரு தசையை ஒரு நிமிடத்திற்கு மேல் அவ்வாறு இழுத்துப் பிடித்தால், அதன் வலு தற்காலிகமாகச் சிறிது குறைகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன.

மூன்றாவது, பெரும்பாலோர் விட்டுவிடுவது: பளுவைப் படிப்படியாக ஏற்றுதல். ஒருவர் அன்று தோளில் 80 கிலோ வைத்துப் பஸ்கி எடுக்க எண்ணியுள்ளார் எனக் கொள்வோம். ஆடவர்க்கான போட்டித் தண்டு ஒன்றே 20 கிலோ. மகளிர்க்கானது 15 கிலோ. முதலில் வெறுந்தண்டோடு பத்து முறை. பிறகு 40 கிலோவில் ஐந்து முறை. 60 கிலோவில் மூன்று முறை. 70 கிலோவில் ஒரு முறை. அதன் பின்னரே 80 கிலோ. இடையிடையே ஒரு நிமிடம் ஓய்வு போதும். பளு ஏற ஏற எண்ணிக்கை இறங்குவதால் களைப்பு சேர்வதில்லை. இப்படிகளில் எங்கேனும் தோளோ முதுகோ மறுப்புத் தெரிவித்தால், அன்று அவ்விடத்திலேயே நின்றுவிடுக. இழப்பு ஒன்றுமில்லை.

ஏறிய சூடு நெடுநேரம் நில்லாது. முன்பயிற்சி முடித்துக் கால்மணி நேரம் கைப்பேசியில் ஆழ்ந்தவர் மீண்டும் தொடக்கத்திலிருந்தே வருதல் வேண்டும். வீட்டிலிருந்து நடந்தே வந்தேன் என்பவரும், கூடத்தில் பொறிக்காகக் காத்து அமர்ந்திருந்தால், அந்நடையின் பயனை இழந்தவரே.

விடியற்காலையில் எழுந்து வருவோர்க்குத் தனியே ஒரு சொல். உறங்கும்போது முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நீர் உறிஞ்சிப் பருக்கின்றன. அதனால் காலையில் நாம் ஓரிரு சென்டிமீட்டர் உயரமாகவே எழுகிறோம்! அந்நேரத்தில் குனிந்தால் முதுகின்மேல் விழும் அழுத்தம் மிகுதி. எழுந்து ஒரு மணி நேரத்திற்குள் அந்நீரில் பெரும்பகுதி வடிந்துவிடும். ஆகவே ஐந்தரைக்கு எழுந்து ஆறு மணிக்குத் தரையிலிருந்து பளுவை வாரித் தூக்குதல் தகாது. அன்றைய பயிற்சியில் அதனைக் கடைசியில் வைத்துக்கொள்க.

இல்லத்தில் தூக்கும் பளு

பயிற்சிக் கூடத்திற்கே செல்லாத வாசகர்களும் இதனைப் படித்து ஒதுக்க வேண்டா. 20 லிட்டர் தண்ணீர்க் கேன் 20 கிலோவுக்குக் குறையாது. நிறைந்த சமையல் எரிவாயு உருளையில் வாயு மட்டும் 14.2 கிலோ, உருளையையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. ஜிம்மில் ஒருவர் அச்சத்தோடு அணுகும் எடையை, நம் இல்லத்தரசியர் படுக்கையை விட்டெழுந்த கையோடு தூக்குகின்றனர். கேன் வந்தவுடன் குனியாமல், முதலில் வீட்டுக்குள் சிறிது நடந்து, தோளையும் இடுப்பையும் அசைத்து, முழங்காலை மடக்கி, கேனை உடலோடு அணைத்துத் தூக்குக. அருகில் மகன் இருந்தால் அவனை அழைத்துத் தூக்கச் சொல்வது இன்னும் நன்று. பெற்ற வலுவுக்கு அது நற்பயன்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை பயிற்சிக்குச் செல்வதைத் தடுக்காதீர்கள். திரும்பி வந்ததும், ‘இன்று எவ்வளவு தூக்கினாய்?’ என்று கேட்பதற்கு முன், ‘எத்தனை படி ஏறித் தூக்கினாய்?’ என்று கேளுங்கள். பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியன தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவரை அடைய வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள். பதறாத காரியம் சிதறாது என்பர். இரும்பைத் தூக்கும் காரியத்திற்கும் அது பொருந்தும்.