பக்கத்து சீட்டில் யார்?

ஒரு டைப்ரைட்டர் வாங்க என்ன வேண்டும்? காசு வேண்டும், வைக்க ஒரு மேஜை வேண்டும். 1983-க்குப் பிறகு ருமேனியாவில் இந்த இரண்டும் போதவில்லை. போலீஸ் அனுமதியும் வேண்டும்! அந்த வருஷம் மார்ச் மாதம் அதிபர் நிக்கோலே சௌசெஸ்கு ஓர் உத்தரவு போட்டார். டைப்ரைட்டர் வைத்திருப்பவர்கள் அதைப் போலீஸில் பதிவு செய்ய வேண்டும். வருஷா வருஷம் எல்லா எழுத்தையும் ஒரு தாளில் தட்டி மாதிரி கொடுக்க வேண்டும். ரிப்பேருக்குப் போய் வந்தால் மறுபடியும் மாதிரி. யாருக்கும் இரவல் தரக்கூடாது. ஆபத்தான ஆசாமி என்று போலீஸ் நினைத்தால் அனுமதியே கிடையாது.

காரணம் சுலபம். ஒரு மிஷினில் ஓர் எழுத்து லேசாகத் தலை சாய்ந்திருக்கும், இன்னொன்றில் பாதி தேய்ந்திருக்கும். கைரேகை மாதிரி. ராத்திரி யாராவது 'ஒழிக' என்று அடித்துச் சுவரில் ஒட்டினால், தாளை வைத்து மிஷினைப் பிடிக்கலாம், மிஷினை வைத்து ஆளைப் பிடிக்கலாம்.

ராணுவம், டாங்கி, ரகசியப் போலீஸ் எல்லாம் கைவசம் இருந்த மனிதர் போயும் போயும் டைப்ரைட்டருக்கு ஏன் பயந்தார்? ஒருவன் மனசில் இருப்பது அடுத்தவனுக்குத் தெரிந்துவிடக்கூடாது. சௌசெஸ்கு 1965-லிருந்து 24 வருஷம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரகசியம் இதுதான் என்பது என் கட்சி.

அவருடைய ரகசியப் போலீஸுக்கு 'செக்யூரிட்டாட்டே' என்று பெயர். 1989-ல் அதில் சம்பளம் வாங்கியவர்கள் சுமார் 15 ஆயிரம் பேர்தான். ஜனத்தொகை 2 கோடி 30 லட்சம். அதாவது ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு ஒருத்தர். ஊர் கூடி ஒரு தும்மல் போட்டால் பறந்துவிடக்கூடிய எண்ணிக்கை! ஆனால் இவர்களுக்குத் தகவல் சொன்ன உளவாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கு யூனிஃபாரம் கிடையாது. எதிர்வீட்டுக்காரர், வாத்தியார், டாக்டர், சமயத்தில் பாதிரியார். யார் உளவாளி என்று தெரியாததால் எல்லோருமே உளவாளியாகத் தெரிந்தார்கள். கல்யாண வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால், மற்ற ஒன்பது பேரில் யார் என்று ஒவ்வொருவரும் யோசித்தபடியே சாப்பிட்டார்கள்.

ஆபீஸில் இது எப்படி வேலை செய்தது என்பதற்கு ஹெர்த்தா முல்லரைவிட நல்ல சாட்சி இல்லை. 2009-ல் இலக்கியத்துக்கு நோபல் பரிசு வாங்கினாரே, அதே முல்லர். பரிசு வாங்கியபோது பேசிய உரையில் அவரே சொன்ன கதை இது.

எழுபதுகளின் கடைசியில் டிமிஷோரா நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம். மிஷின்களின் கையேடுகளை மொழிபெயர்க்க வேண்டும். ஒருநாள் செக்யூரிட்டாட்டே ஆசாமி வந்து, 'எழுதிக்கொள்' என்று ஒரு தாளைத் தந்தார். பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் எழுதினார் முல்லர். 'ஒத்துழைக்கிறேன்' என்ற வார்த்தை வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எழுந்து ஜன்னல் பக்கம் போய், தனக்கு இதற்கான குணம் இல்லை என்று சொன்னார்.

ஆசாமிக்கு வந்ததே கோபம்! தாளைச் சுக்குநூறாகக் கிழித்தார். உடனே மேலதிகாரி ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. குனிந்து துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். (எந்த ஆட்சியானாலும் ஆபீஸ் ஆபீஸ்தான்.) அப்புறம் பூ ஜாடியைச் சுவரில் வீசினார். ஆற்றில் மூழ்கடித்துவிடுவோம் என்று மெதுவான குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

அடி, உதை, ஜெயில் எதுவும் வரவில்லை. தினமும் காலையில் டைரக்டர் கூப்பிட்டு, வேறு வேலை பார்த்துக்கொண்டாயா என்று கேட்டார். ஒருநாள் ஆபீஸுக்கு வந்தால் முல்லரின் அகராதிகள் எல்லாம் அறைக்கு வெளியே தரையில் கிடக்கின்றன. அவர் மேஜையில் ஓர் இன்ஜினீயர் உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கும் போக முடியாது. வேலைக்கு வரவில்லை என்று சீட்டைக் கிழித்துவிடுவார்கள். ஒரு தோழி தன் மேஜையில் ஓர் ஓரத்தைக் காலி செய்து கொடுத்தாள். கொஞ்ச நாளில் அவளும் கதவை மறித்து நின்றாள். 'உள்ளே விட முடியாது. நீ உளவாளி என்று எல்லோரும் சொல்கிறார்கள்.'

உளவு சொல்ல மாட்டேன் என்று மறுத்த ஒரே காரணத்துக்காக அவருக்குக் கிடைத்த பட்டம் உளவாளி! முல்லர் மாடிப்படியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து வேலை பார்த்தார். தாண்டிப் போன சகாக்கள் பேசவில்லை. கொஞ்ச காலத்தில் வேலையும் போயிற்று. இந்தத் தண்டனைக்கு அரசாங்கம் ஒரு பைசா செலவழிக்கவில்லை. ஒரு வதந்தி, பாக்கியை சக ஊழியர்களே பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவரவர் மேஜையைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

வெளியே இதைவிட மோசம். வெளிநாட்டுக் கடனை அடைத்தே தீருவேன் என்று சௌசெஸ்கு எண்பதுகளில் விளைந்ததையெல்லாம் ஏற்றுமதி செய்தார். ஊரில் பாலுக்கும் முட்டைக்கும் க்யூ. ருமேனியர்கள் தேவைக்கு அதிகமாகத் தின்கிறார்கள் என்று 1982-ல் 'விஞ்ஞான ரீதியான' சாப்பாட்டுத் திட்டம் வேறு. குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர்களில் சூடு வராது. ஜன்னலைத் திறக்காதே, தெருவில் போகிறவனுக்கு ஜலதோஷம் பிடித்துவிடும் என்று ஜோக் சொல்லிச் சிரித்தார்கள், கதவைச் சாத்திக்கொண்டுதான். டி.வி. சாதாரண நாட்களில் இரண்டே மணி நேரம். அதிலும் பெரும்பகுதி தலைவர் புகழ்.

பிரம்மச்சாரிகள் கவனிக்க: 25 வயதைத் தாண்டிப் பிள்ளை இல்லாவிட்டால், ஆணோ பெண்ணோ, சம்பளத்தில் தனி வரி! ஜனத்தொகையைப் பெருக்க 1966-ல் கருக்கலைப்புக்குத் தடை போட்டார்கள். தொழிற்சாலைகளிலேயே பெண்களைப் பரிசோதித்தார்கள். திருட்டுத்தனமான கருக்கலைப்புகளில் சுமார் பத்தாயிரம் பெண்கள் செத்துப்போனார்கள் என்கிறது கணக்கு. இதற்கு மேல் இங்கே ஜோக் வேண்டாம்.

இவ்வளவுக்கும் நடுவில் ஓயாத கைதட்டல். 1974-ல் அதிபர் பதவியேற்றபோது சௌசெஸ்கு ராஜா மாதிரி கையில் செங்கோல் பிடித்தார். ஓவியர் சால்வடார் டாலி, 'ஆஹா, செங்கோலா! பிரமாதம்' என்கிற ரீதியில் கிண்டலாக ஒரு தந்தி அடித்தார். கட்சிப் பத்திரிகை அதைப் பயபக்தியுடன் அச்சிட்டது! மனைவி எலேனா பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அவரை உலகப் புகழ் ரசாயன விஞ்ஞானி என்றார்கள். கார்பன் டை ஆக்ஸைடின் குறியீட்டை அம்மையார் 'கோடோய்' என்று ஒரே வார்த்தையாக வாசித்ததாகச் சொல்லி, ஜனங்கள் ரகசியமாக அந்தப் பெயரையே அவருக்கு வைத்துவிட்டார்கள். மறுநாள் மீட்டிங்கில் அதே ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பக்கத்தில் இருப்பவன் தட்டுகிறானே! பக்கத்தில் இருப்பவனும் இவர்களைப் பார்த்துத்தான் தட்டினான்.

1989 டிசம்பரில் டிமிஷோராவில் ஒரு பாதிரியாரை வீட்டை விட்டு வெளியேற்றப் போய்க் கலவரம் வெடித்தது. 17-ம் தேதி ராணுவம் சுட்டது. டிசம்பர் 21 அன்று தலைநகர் புகாரெஸ்டில், ஜனங்கள் என் பக்கம் என்று காட்டுவதற்காக சௌசெஸ்கு ஒரு கூட்டம் போட்டார். தொழிற்சாலைகளிலிருந்து ஆட்களைத் திரட்டிக் கையில் படமும் பேனரும் கொடுத்து நிறுத்தினார்கள். டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு. பால்கனியில் குல்லாயோடு தலைவர் பேச ஆரம்பித்தார்.

சில நிமிடங்களில் கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். கூச்சலா, அலறலா, யார் ஆரம்பித்தது? இன்று வரை ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். சௌசெஸ்கு பேச்சை நிறுத்தினார். அந்த முகத்தின் படம் இன்றும் கிடைக்கிறது, பாருங்கள். கோபம் இல்லை, குழப்பம். வலது கையைத் தூக்கியபடி, 'ஹலோ, ஹலோ' என்கிறார், லைன் கட்டான டெலிபோனில் பேசுகிறவர் மாதிரி. ஒளிபரப்பு அறுந்தது. சில நிமிடம் கழித்து திரும்பி வந்தபோது குறைந்தபட்ச சம்பளத்தில் 200 லெய் ஏற்றித் தருவதாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

ஆனால் பார்க்க வேண்டியதை நாடே பார்த்துவிட்டது. தலைவர் பயந்துவிட்டார் என்பது முதல் செய்தி. 'எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறது என்று நினைத்தேனே, பக்கத்து வீட்டுக்காரனுக்குமா!' என்பது இரண்டாவது. முதலைவிட இரண்டாவதுதான் பெரிய செய்தி. அன்று ராத்திரி புகாரெஸ்ட் தெருக்களில் சுட்டார்கள், கூட்டம் கலைந்தபாடில்லை. மறுநாள் மத்தியானம் புருஷனும் பெண்டாட்டியும் மொட்டைமாடியிலிருந்து ஹெலிகாப்டரில் தப்பினார்கள். அகப்பட்டு, 25-ம் தேதி அவசர விசாரணைக்குப் பின் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த டிசம்பரில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் பெரும்பாலோர் தலைவர் தப்பி ஓடிய பிறகு இறந்தவர்கள்!

பத்து வருஷம் கழித்து, 1999-ல், அவரவர் ஃபைலை அவரவர் பார்க்கலாம் என்று சட்டம் வந்தது. முல்லரும் கேட்டு வாங்கினார். 'கிறிஸ்டினா' என்ற ரகசியப் பெயரில் 914 பக்கங்கள். வீட்டுக்கு வந்த சிநேகிதர்கள் சொன்ன தகவல்கள் எல்லாம் இருந்தன. தொழிற்சாலையில் வேலை பார்த்த மூன்று வருஷத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி கூட இல்லை. மாடிப்படியும் கைக்குட்டையும் அவர் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கின்றன.