காலைக் கிளாஸும் ராத்திரி பாட்டிலும்

டிசம்பர் 31 வந்தால் நம் புதுச்சேரி என்ன பாடு படுகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலமே கடற்கரைச் சாலைக்குப் போகும் வழியெல்லாம் தடுப்புக் கட்டிவிடுவார்கள். மறுநாள் காலையில் துப்புரவுப் பணியாளர்கள் தெருத்தெருவாகப் பாட்டில்களைப் பொறுக்குவார்கள். இதற்குப் புத்தாண்டுக் கொண்டாட்டம் என்று பெயர். ஆனால் ஜனவரி 1 காலை பத்தரை மணிக்கு என் வீட்டு மேஜையில், மனைவி, மகன், மருமகள், சம்பந்தி எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, ஆரஞ்சுச் சாறும் நுரை ஒயினும் கலந்து ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ் கொடுத்தால் மட்டும், "என்ன சார், விடிஞ்சதும் விடியாததுமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர் யாரென்று பார்த்தால், முந்தின ராத்திரி மொட்டை மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்!

அவருக்குத்தான் இந்தப் பதில். குமாஸ்தாவாக இருந்தவன் ஆகையால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நுரை ஒயின் பாட்டில் 750 மில்லி. அதில் சாராயச் சத்து நூற்றுக்குப் 12. ஆகப் பாட்டில் முழுவதிலும் 90 மில்லி. ஆளுக்கு 75 மில்லி ஒயின், அதே அளவு பழச்சாறு என்று ஊற்றினால் பத்துப் பேருக்கு வரும். ஒருவர் பங்குக்கு 9 மில்லி. இப்போது மொட்டை மாடி நண்பரின் குவார்ட்டரை எடுங்கள். 180 மில்லி, லேபிளில் 42.8 சதவீதம் என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். பெருக்கிப் பார்த்தால் 77 மில்லி. அதாவது என் வீட்டில் எட்டுப் பேர் குடித்ததற்கும் கூடுதலாக அவர் ஒருவரே, வறுத்த கடலையைத் துணைக்கு வைத்துக்கொண்டு, முடித்திருக்கிறார். ஒரு குவார்ட்டரோடு நிறுத்தியிருந்தால்!

"அது மேல்நாட்டுப் பழக்கமாயிற்றே" என்பது அடுத்த வாதம். பிராந்தி, விஸ்கி, ரம் இவை மூன்றும் எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டால் பதில் இல்லை. மேல்நாட்டிலிருந்து பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டோம், மேஜையை வாங்கிக்கொள்ளவில்லை. இதுதான் என் புகார். பிரெஞ்சுக்காரர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் குடிப்பதை அப்பெரித்தீஃப் என்பார்கள். திறப்பது என்று பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, அதாவது பசியைத் திறந்துவிடுவது. அதற்குப் பிறகு சாப்பாடு உண்டு, பேச்சு உண்டு, எதிரே பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாவது கிளாஸுக்குக் கை நீளும்போது பார்க்க நாலு கண் இருக்கும். நம் ஆட்களுக்கு அந்த நாலு கண்தான் ஆகாது.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் இருந்தார். கோப்பில் அவர் எழுதும் குறிப்பு அவ்வளவு சுத்தமாக இருக்கும். ஐம்பது வயதுக்குள் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். துக்கம் விசாரிக்கப் போன எங்களிடம் அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னார்: "வீட்ல ஒரு நாள்கூடத் தொட்டதில்லைங்க." அதைப் பெருமையாகத்தான் சொன்னார். வீட்டில் தொடாததால்தான் எவ்வளவு என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஒழுக்கம் என்று நாம் பாராட்டிக்கொண்டிருப்பது அந்த மறைப்பைத்தான்.

நியாயமான ஆட்சேபணை ஒன்று உண்டு, அதை ஒதுக்க மாட்டேன். உடம்புக்குக் கெடுதி இல்லாத அளவு என்று எதுவுமே இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. சரி. குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்ல நான் வரவில்லை. சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர், தினசரி மாத்திரைக்காரர் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். பிள்ளைகளுக்கு ஒரு சொட்டும் கூடாது. பிரான்சிலேயே பள்ளிச் சாப்பாட்டில் சிறுவர்களுக்கு ஒயின் கொடுத்துக்கொண்டிருந்து, 1956-ல்தான் 14 வயதுக்குக் கீழே நிறுத்தினார்கள். அவர்கள் செய்ததெல்லாம் சரி என்று பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன்கூடச் சொல்ல மாட்டான். வேண்டாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதே சாறு, அதே மாதிரி கிளாஸ், ஒயினுக்குப் பதில் சோடா. பார்த்தால் வித்தியாசம் தெரியாது, யாரும் யாரையும் வற்புறுத்தவும் இடமில்லை.

இனிச் செய்முறை. இந்தக் கலவைக்கு மிமோசா என்று பெயர். பிரான்சின் தென்கரையில் குளிர்காலத்தில் பூக்கும் மஞ்சள் பூவின் பெயர் அது. நம் வேலமரத்துக்கு உறவு, பூவும் வேலம்பூ மாதிரியே பஞ்சு உருண்டை. உண்மையான ஷாம்பெயின் வாங்காதீர்கள். ஷாம்பாஞ் பிரதேசத்தில் செய்ததற்குத்தான் அந்தப் பெயர், விலையும் அதற்குத் தகுந்தாற்போல். பழச்சாற்றில் கலக்கப்போவதற்கு நாசிக் பக்கத்து நுரை ஒயின் தாராளமாகப் போதும். லேபிளில் 'ப்ருத்' என்று இருக்க வேண்டும், அதில் இனிப்புக் குறைவு. 'தெமி-செக்' என்று இருந்தால் வைத்துவிடுங்கள். பாதி வறண்டது என்று சொல்லுக்குப் பொருளே தவிர, உள்ளே லிட்டருக்கு 32 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும்.

அட்டைப்பெட்டிச் சாறு இந்த வீட்டுக்குள் வரக்கூடாது. கமலா ஆரஞ்சைக் குறுக்கே வெட்டிக் கையால் பிழியுங்கள். மிக்ஸியில் போட்டால் விதையும் அரைபட்டுக் கசக்கும். சாத்துக்குடிதான் கிடைத்தது என்றால் அரை எலுமிச்சை சேர்த்துக்கொள்ளுங்கள். சாற்றை வடிகட்டி, ஒயினோடு சேர்த்து முதல் நாள் ராத்திரியே பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். ஐஸ் கட்டி போட்டால் தண்ணீராகிவிடும்.

பாட்டிலைத் திறப்பதில் சினிமா வேண்டாம். உள்ளே கார் டயரைவிட இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம். தக்கையைத் துண்டால் மூடிப் பிடித்து, தக்கையைத் திருகாமல் பாட்டிலைத் திருப்புங்கள், 'புஸ்' என்று பெருமூச்சு விட்டுத் திறக்கும். கண்ணாடி டம்ளரைச் சாய்த்து முதலில் ஒயின், பிறகு சாறு. சாறு கனமானது, தானே இறங்கிக் கலந்துகொள்ளும். கரண்டி போட்டுக் கலக்கினால் நுரை போச்சு. கூடவே சூடாக மெதுவடை இருந்தால் நல்லது. பிரெஞ்சுக்காரர்களுக்கு இது தெரியாது, பாவம்.

மிச்சம் வைக்க முடியாத சரக்கு இது. பாட்டில் கழுத்தில் வெள்ளி ஸ்பூனைச் செருகி வைத்தால் நுரை போகாது என்று எங்கள் பள்ளி நாட்களில் பிரெஞ்சு வீடுகளில் நம்பினார்கள். பரிசோதித்துப் பார்த்துப் பலனில்லை என்று பிரான்சிலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் பத்துப் பேர் சேரவில்லையென்றால் பக்கத்து வீட்டிலும் சொல்லிவிடுங்கள். நான் இந்த முறை மொட்டை மாடிக்காரரைச் சம்சாரத்தோடு கூப்பிட்டிருக்கிறேன். அந்த அம்மா வருவதாகச் சொல்லிவிட்டார், அவர்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.