அணைக்கிறதுக்கு ஏன் இவ்வளவு அலைச்சல்?

காசு கொடுத்து வாங்கின மிஷினை நினைச்ச நேரத்துல அணைக்க முடியணுமா, இல்லையா? ஃபேனுக்கு சுவத்துல சுவிட்ச் இருக்கு. வயல் மோட்டாருக்குக்கூட ஸ்டார்ட்டர்ல சிவப்பு பட்டன் இருக்கு. கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏங்க நாம தேடிப் போகணும்?

இது இன்னிக்கு நேத்து கதையில்ல. 2007-ல விண்டோஸ் விஸ்டா வந்தப்ப, மெனுவுல பவர் படம் போட்டு ஒரு பட்டன் வெச்சாங்க. அழுத்தினா மிஷின் அணையாது, தூங்கும்! 2012-ல விண்டோஸ் 8. மவுஸை ஸ்கிரீனோட வலது மூலைக்குக் கொண்டுபோய், செட்டிங்ஸ், அதுக்குள்ள பவர், அதுக்குள்ள ஷட் டவுன். ஜனங்க கத்தின கத்தலுக்கு அப்புறம், 2014 ஏப்ரல்ல ஸ்டார்ட் ஸ்கிரீன்ல ஒரு பட்டனைத் திருப்பிக் கொடுத்தாங்க. விண்டோஸ் 11-ல 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' கொடுத்துட்டுப் போனா, திரும்பி வந்து பார்க்கிறப்ப மிஷின் ஓடிக்கிட்டே இருக்கும். அதைச் சரிபண்ண 2025 அக்டோபர் கடைசி ஆயிடுச்சு.

நம்ம கடலோரத்துல இது சின்ன விஷயமா? 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துலதான் கரையைக் கடந்துச்சு. புயல்னா முதல்ல கரண்ட்டை நிறுத்துவாங்க. நியாயம்தான், அறுந்த கம்பி உயிரை வாங்கிடும். ஆனா கோவளத்துலேர்ந்து கல்பாக்கம் வரைக்கும் இருக்கிற ஜெராக்ஸ் கடை, லாட்ஜ் ரிசப்ஷன் எல்லாம் பழைய பேட்டரி போட்ட யுபிஎஸ்ஸை நம்பித்தான் ஓடுது. அது 'பீப் பீப்'னு கத்துறப்ப, ஸ்கிரீன்ல 'அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்'னு வந்தா என்ன செய்வாங்க?

செங்கல்பட்டுல வில்லங்கச் சான்று எடுக்க ஒரு கடைக்குப் போயிருந்தேன். சாத்துற நேரம். கடைக்கார அம்மா குனிஞ்சு, மேஜைக்கு அடியில இருந்த சுவிட்சைத் தட்டிட்டாங்க. "ஏம்மா, இப்படி நிறுத்தினா ஃபைல் கெட்டுப் போயிடுமே?"ன்னேன். "முறையா நிறுத்தப் போனா அப்டேட்னு உக்காந்துக்குது சார். எனக்கு கடைசி பஸ் போயிடும்"னாங்க. மனசுக்குக் கஷ்டமாயிடுச்சு. அவங்க மேல என்ன தப்பு?

அங்கேயே ஒரு பட்டன் போட்டுக் கொடுத்தேன். டெஸ்க்டாப்ல காலி இடத்துல ரைட் கிளிக், நியூ, ஷார்ட்கட். வர்ற பெட்டியில இங்கிலீஷ்ல ஷட்டவுன்னு சேர்த்து அடிங்க. இடம் விட்டு சாய்கோடு எஸ், இடம் விட்டு சாய்கோடு டி, இடம் விட்டு சைபர். நெக்ஸ்ட். பேரு 'கடை சாத்து'ன்னு வெச்சேன். ப்ராப்பர்ட்டீஸ்ல போய் சிவப்பு ஐகானும் மாத்திக்கலாம். ரெண்டு தட்டு தட்டினா அணைஞ்சிடும். சைபருக்குப் பதிலா 60 போட்டா ஒரு நிமிஷம் அவகாசம் தரும், ஆனா சேவ் பண்ணாத ஃபைலைக் கேக்காமலே மூடிடும், அது ஜாக்கிரதை.

இன்னொண்ணு தெரியுமா? விண்டோஸ் 8-லேர்ந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்'னு ஒண்ணு இருக்கு. அது ஆன்ல இருந்தா, மெனுவுல ஷட் டவுன் கொடுத்தாலும் முழுசா அணையாது. சிஸ்டத்தோட நிலையை டிஸ்க்ல பத்திரப்படுத்தி, மறுநாள் அப்படியே எடுத்து வைக்கும். நேத்து சிக்கின பிரிண்டர் இன்னிக்கும் சிக்கிக் கிடக்கிறதுக்குப் பல நேரம் இதுதான் காரணம். நாம போட்ட பட்டன் நிஜமாவே முழுசா அணைக்கும்.

இந்தக் கட்டளை 2001-ல வந்த எக்ஸ்பியிலேயே இருக்கு. அதை ஒரு பட்டனா கண்ணு முன்னாடி வைக்க இத்தனை வருஷத்துல ஒருத்தருக்கும் மனசு வரலையே! புது மிஷினைக் கொண்டுவந்து மாட்டுறவங்களாவது அன்னிக்கே இதைப் போட்டுக் கொடுத்துட்டுப் போகக் கூடாதா? ரெண்டு நிமிஷ வேலைதாங்க.