பிடிக்குதுல்ல, அப்புறமென்ன?

"பிரேக்குதான் பிடிக்குதுல்ல, அப்புறம் எதுக்கு டிஸ்க்கை மாத்தச் சொல்றே? பேட் மட்டும் போட்டு விடு தம்பி."

தம்பினில் ஒரு பட்டறையில் சென்ற வாரம் காதில் விழுந்த அருள்வாக்கு இது. அருளியவர், வழியில் படுத்துவிட்ட லோரிகளைக் கட்டி இழுத்துப் பிழைப்பவர். மெக்கானிக் பையன் கழற்றி வைத்திருந்த முன்சக்கர டிஸ்க்கைத் தடவிப் பார்த்தேன். விளிம்பில் நகம் மாட்டுகிற அளவுக்கு வரப்பு, நடுவே நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்பு. "இதுக்கு மேல கடைசல் போட இரும்பு இல்லண்ணே" என்றான் பையன். "இருபது வருசமா ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா?" என்றார் அண்ணன். நம் ஊரில் இதற்கு மேல் வாதமே கிடையாது.

இருபது வருட அனுபவத்துக்கு டிஸ்க் எழுந்து நின்று மரியாதை செய்யுமா? எடை இரட்டித்தால் பிரேக்கில் பிறக்கும் சூடும் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். அந்தச் சூட்டில் பெரும்பங்கை வாங்கித் தாங்குவது டிஸ்க்தான். தேயத் தேய, கடைசல் போடப் போட, தாங்குகிற இரும்பு குறைகிறது. பழைய பிரேக் எண்ணெய் வேறு ஈரத்தைக் குடித்திருந்தால் கொதித்து ஆவி கட்டும். மிதித்த மிதி தரைவரை போகும். காலி லோரியில் தம்பின் கடைத்தெருவைச் சுற்றினால் எந்தப் பிரேக்கும் பிடிக்கும் ஐயா! பின்னால் இன்னொரு லோரி தொங்க, புக்கிட் புத்துஸ் இறக்கத்தில் பிடிக்க வேண்டுமே?

2013 ஆகஸ்ட் 21, கெந்திங் மலை. இறங்கும்போது பள்ளத்தில் விழுந்த பேருந்தில் 37 பேர் செத்தார்கள். மலை ஏறிப் போனபோது அந்தப் பேருந்தின் பிரேக்கும் பிடித்துத்தானே இருக்கும்? புது டிஸ்க்குக்குக் காசு அதிகம் என்கிறீர்களா, கெந்திங்கை நினையுங்கள். எல்லாம் தலையெழுத்து என்கிறீர்களா, கெந்திங்கில் 37 பேருக்கும் ஒரே தலையெழுத்தா எழுதியிருந்தது?

பத்திரிகைகளும் சும்மா இல்லை. 'திடீரென பிரேக் செயலிழந்ததால்' என்று எழுதுவார்கள், ஏதோ பிரேக்குக்கு அன்று காலையில்தான் மனம் மாறியதுபோல. அது மாதக்கணக்கில் கிறீச்சிட்டுக் கதறியிருக்கும். வானொலிச் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். 'புஸ்பாகோம் வாகனச் சோதனையில் பாஸ்' என்பது அடுத்த சால்ஜாப்பு. பாஸான அன்றைக்குப் பாஸ், அவ்வளவுதான். மறுநாள் தேய்மானத்துக்கு லீவு விட்டுவிடுவார்களா?

முனியாண்டி சாமிக்குச் சுருட்டு வைக்கிறோம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறோம். வைப்போம், நானும் கும்பிடுகிறவன்தான். கண்ணைப் பறிக்கும் விளக்கு, காதைக் கிழிக்கும் ஹார்ன், கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர், எல்லாவற்றுக்கும் வெள்ளி வருகிறது. லோரியை நிறுத்துகிற சாமானுக்கு மட்டும் கை சுருங்குகிறது. முதலாளி சிக்கனம் பார்ப்பார், இறக்கத்தில் மிதியை மிதிப்பது சம்பளக்கார டிரைவர். தோட்டத்தை விட்டு வெளியே வந்து லோரி பிடித்த நம் பையன்கள்தான் அந்த இருக்கையில் பலர்.

டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனால் இரும்புக்கடைக்குப் போட வேண்டியதுதான். மாற்றினால் ஒரே அச்சின் இரண்டு பக்கமும், புது பேட்டோடு சேர்த்து மாற்ற வேண்டும். அடுத்த முறை பட்டறையில் அளந்து காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் வேணாம், பிடிக்குதுல்ல" என்றால் வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டு போங்கள், மெதுவாக.