தங்கச் சுரங்கத்தில் சிக்கிய துகள்

"வானத்திலிருந்து வருவதைப் பிடிக்க மலை உச்சிக்கல்லவா போக வேண்டும்? பாதாளத்துக்கு ஏன் போகிறார்கள்?"

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்து நியூட்ரினோ ஆய்வகம் பற்றிப் பேச்சு வந்தபோது, ஷிப்டு முடிந்து வந்த நெய்வேலித் தோழர் ஒருவர் கேட்டது இது. பட்டம் பெற்றவர் பலருக்கும் தோன்றாத கேள்வி!

விண்வெளியிலிருந்து ஓயாமல் துகள் மழை பொழிகிறது, தோழர்களே. நியூட்ரினோ அதில் ஒரு விந்தைத் துகள். சூரியனிலிருந்து வருபவை மட்டுமே, ஒரு நகத்தின் அளவுள்ள இடத்தில் நொடிக்கு 6,000 கோடிக்கு மேல் பாய்கின்றன. உடலையும் ஊடுருவும், உலகத்தையும் ஊடுருவும். அபூர்வமாக ஒன்று எதிலாவது மோதும். அந்த மோதலைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் மற்றத் துகள்களின் ஆரவாரத்தில் அதைக் காண்பது, சந்தை இரைச்சலில் குண்டூசி விழும் ஓசையைக் கேட்பது போல. ஆகவே பாறையைக் குடையாகப் பிடிக்கிறார்கள். மற்றவை பாறையில் அடங்கும். நியூட்ரினோ மட்டும் வரும்.

நம் நெய்வேலிச் சுரங்கம் இதற்கு உதவாது. மேல்மண்ணை அள்ளிவிட்டுப் பழுப்பு நிலக்கரியை வெட்டுகிறோம், குடை ஏது?

கோலார் தங்கவயலில் குடை இருந்தது. 1965இல், 2 கிலோமீட்டருக்கும் கீழே, பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் கருவிகளை நிறுத்தின. துகள் பட்டால் மினுக்கும் பிளாஸ்டிக்குகள், நியான் குழாய்கள். மேலிருந்து வந்தால் அது எஞ்சிய மழைத்துளியாக இருக்கலாம். பக்கவாட்டில் வந்தால்? அந்தப் பக்கம் பாறையின் கனம் பன்மடங்கு. நியூட்ரினோ பாறையில் மோதிப் பிறப்பித்த துகளன்றி வேறெதுவும் அப்படி வர முடியாது! காத்திருந்தார்கள், வந்தது. காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடம் அவ்வாண்டுதான் முதன்முதலில் கிடைத்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றிலும் அதே ஆண்டில் கிடைத்தது.

விஞ்ஞானிகளின் பெயரை உலகம் அறிந்தது. அந்த ஆழத்தைத் தோண்டியவர் யார்? வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள். தகிக்கும் வெப்பத்தில், பாறை வெடித்துச் சிதறும் ஆபத்தில், தங்கத்துக்காக இறங்கியவர்கள். ஆராய்ச்சிக்கென்று ஒருவரும் அந்தக் குழியை வெட்டவில்லை.

பொட்டிப்புரத்துக்கு வருவோம். 50,000 டன் இரும்புக் கருவிக்காக மத்திய அமைச்சரவை 2015இல் சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. வழக்குகள் வந்தன; 2022இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது. நியூட்ரினோ தீங்கு செய்யும் என்பது வீண் பயம். இதைப் படிக்கும் இந்நேரமும் அது நம்மைத் துளைத்துப் போகிறது. யாருக்கு என்ன ஆயிற்று? ஆனால் மலையை வெடிவைத்து 2 கிலோமீட்டர் குடைவது வேறு சங்கதி. காடு என்னவாகும், ஊற்று என்னவாகும் என்று ஊரார் கேட்டால் அது அறியாமையா? பயத்தைப் பரிகசித்தவர்கள், இவ்வளவையும் அந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து தமிழில் சொல்லியிருக்கலாமே!

விஞ்ஞானம் வந்தால் ஊர் வாழும் என்பார்கள். கோலாரில் விஞ்ஞானமும் இருந்தது, தங்கமும் இருந்தது. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். குழிகளில் தண்ணீர் நிரம்பிற்று. தோண்டியவர்களின் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.