துப்பாக்கி கேட்ட வாசகருக்கு



ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் இரவு ஷிப்ட் பார்க்கும் செக்யூரிட்டி ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காம் புல்வெளியில் பயங்கரவாதிகளின் தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டது இன்னும் அவர் மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் புல்வெளியில் சுடத் தெரிந்த நான்கு பேர் ஆயுதத்தோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறார். தன்னைப் போல் பயிற்சி பெற்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கும்போது, கையில் ஒரு பிரம்பையும் டார்ச் லைட்டையும் கொடுத்து நிறுத்துவது சரியா என்றும் கேட்கிறார். ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் பிறர் பிள்ளைகளைக் காக்கிறவர் கேட்கும் கேள்வி இது. இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதும் அவருக்குத்தான்.

ஐயா, உங்கள் பக்கத்துக்குச் சாட்சி இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜம்முவில் ரஜௌரி மாவட்டத்தில் டாங்ரி என்று ஒரு கிராமம். 2023 புத்தாண்டு நாளன்று மாலை, துப்பாக்கியோடு வந்தவர்கள் வீடுகளில் புகுந்து சுட ஆரம்பித்தார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர், கிராமப் பாதுகாப்புக் குழுவுக்கு என்று எப்போதோ கொடுத்திருந்த பழைய .303 ரைபிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து சுட்டார். வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். அவர் மட்டும் இல்லையென்றால் இன்னும் எத்தனை வீடுகளில் ஒப்பாரி கேட்டிருக்குமோ. 1990களின் நடுவில் தோடா மலைப்பகுதியில் தொடங்கியவை அந்தக் குழுக்கள். போலீஸ் வந்து சேரவே பல மணி நேரம் ஆகும் மலைக் கிராமங்களுக்கு அன்று வேறு வழி இருக்கவில்லை.

அதே டாங்ரியில் மறுநாள் காலை நடந்ததையும் சொல்ல வேண்டும். வந்தவர்கள் விட்டுப்போன வெடிகுண்டு, தாக்கப்பட்ட ஒரு வீட்டருகே வெடித்தது. இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். முந்தின இரவு அத்தனை பேரைக் காப்பாற்றிய ரைபிளால் அந்தக் குண்டை எதுவும் செய்ய முடியவில்லை. அந்தக் குழுக்களைச் சேர்ந்த சிலர் மீதே பின்னாளில் கொலை முதலான வழக்குகள் பதிவானதும் உண்டு.

வெளிநாட்டிலும் இதே இரண்டு பக்கமும் தெரிந்த சம்பவம் ஒன்று உண்டு. 2013 செப்டம்பரில் கென்யத் தலைநகர் நைரோபியில் வெஸ்ட்கேட் வணிக வளாகத்தைப் பயங்கரவாதிகள் தாக்கினார்கள். 67 பேர் இறந்தார்கள். அப்துல் ஹாஜி என்பவர் லைசென்ஸ் பெற்ற தன் கைத்துப்பாக்கியோடு உள்ளே போய், போலீஸ்காரர்கள் சிலரோடு சேர்ந்து பலரை வெளியே கொண்டுவந்தார். அடுத்த மாதமே இன்டர்போல் தலைமைச் செயலாளராக இருந்த ரொனால்ட் நோபிள், பொதுமக்கள் கையில் ஆயுதம் இருக்கலாமா என்ற கேள்வியை வெளிப்படையாக எழுப்பினார். ஆனால் அதே வெஸ்ட்கேட்டில் ராணுவம் உள்ளே நுழைந்தபோது, போலீஸ் சிறப்புப் படை அதிகாரி ஒருவர் ராணுவத்தின் குண்டுக்கே பலியானார். பயிற்சி பெற்ற இரண்டு படைகளுக்கு இடையிலேயே ஆள் அடையாளம் குழம்பிவிட்டது. சாதாரண சட்டையில் துப்பாக்கி ஏந்தி நிற்கிறவரை, பாய்ந்து வரும் கமாண்டோ எப்படி இனம் காண்பார்?

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. இலங்கையில் எல்லையோரக் கிராமங்களைக் காக்க என்று அரசு ஊர்காவல் படை அமைத்து, கிராமத்து இளைஞர்களிடம் துப்பாக்கி கொடுத்தது. பொலன்னறுவை மாவட்டத்தில் 1992 ஏப்ரல் 29 அன்று, அழிஞ்சிப்பொத்தானை என்ற முஸ்லிம் கிராமத்துக்குள் புலிகள் புகுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். செய்தி பரவியதும் முஸ்லிம் ஊர்காவல் படையினர் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களான முத்துக்கல்லுக்கும் கரப்பொலைக்கும் போனார்கள். அங்கே இருந்தவர்கள் அழிஞ்சிப்பொத்தானையில் யாரையும் கொல்லவில்லை. ஆனாலும் ஊர்காவல் படையினர், பெண்களும் பிள்ளைகளும் உட்பட எண்பதுக்கும் மேற்பட்டவர்களை வெட்டியும் சுட்டும் கொன்றுவிட்டுத் திரும்பினார்கள். ஒரே நாளில், காலாகாலமாகக் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த ஊர்கள் இப்படி ஆயின. ஊரைக் காக்கக் கொடுத்த துப்பாக்கி, சொந்தக்காரர் செத்த துக்கத்தோடு சேர்ந்தபோது யாரை நோக்கித் திரும்பியது என்று பாருங்கள். சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளுக்கு எதிராகப் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவலர்களாக்கி ஆயுதம் கொடுத்த ஏற்பாட்டை, 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று நிறுத்தியதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். வல்லம் வடகாலில் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர் ராஜீவ் காந்தி நினைவிடம். 1991 மே 21 இரவு 10.20 மணி அளவில் அங்கே வெடித்த குண்டு, நம் மண்ணில் பயங்கரவாதம் பறித்த உயிர்களின் கணக்கில் மறக்கவே முடியாதது. அன்று அந்த மைதானத்தில் ஆயுதத்துக்கா குறை? ராஜீவ் காந்தியின் பாதுகாவலர் பி.கே.குப்தா அவருக்குப் பக்கத்திலேயே நின்றார். காவல் கண்காணிப்பாளர் முகமது இக்பால் நின்றார். இருவரும் அங்கேயே உயிர் விட்டார்கள். கையில் சந்தன மாலை, இடுப்பில் துணிக்குள் குண்டு. அப்படி வருகிறவரை எந்தத் துப்பாக்கி அடையாளம் காட்டும்? தெரிந்த பிறகு சுட்டாலும் பட்டன் அழுத்த ஒரு நொடி போதும்.

அன்றைக்குக் குண்டோடு வந்த தணு என்ற பெண்ணைத் தடுக்கப் பார்த்தது வெறும் ஒரு கைதான். சப்-இன்ஸ்பெக்டராக இருந்த அனுசுயா, கூட்டத்தோடு கூட்டமாக நெருங்கிய தணுவைக் கையால் தள்ளி நிறுத்தியதையும், எல்லோரும் வரட்டும் என்பதுபோல் ராஜீவே சொன்னதையும் பேட்டிகளில் விவரித்திருக்கிறார். குண்டுவெடிப்பில் விரல்களை இழந்து பிழைத்தவர் அவர். பாதுகாப்புக் குறைபாடுகளை விசாரித்த நீதிபதி வர்மா கமிஷன், போலீஸ் தரப்பின் தவறுகளோடு, மேடைப் பக்கம் யார் வரலாம் என்ற கட்டுப்பாட்டைக் கட்சிக்காரர்கள் குலைத்ததையும் பதிவு செய்தது. பட்டியலில் பேர் இல்லாதவரை உள்ளே விடாமல் இருந்திருந்தால் போதும். ‘நம்ம ஆளுதான், விடுங்க’ என்று யாரும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் போதும். இதை எழுதும்போதும் மனம் பதறுகிறது.

ஐயா, உங்கள் கையில் இருக்கும் பிரம்பை நான் குறைவாக நினைக்கவில்லை. கம்பெனி வாசலில் பெரிய காரில் வருகிறவரையும் இறக்கி, பாஸ் எங்கே என்று கேட்க உங்களுக்கு இருக்கும் அதிகாரம்தான் முக்கியம். அந்த அதிகாரத்துக்குப் பின்னால் நிர்வாகம் உறுதியாக நிற்கிறதா என்பதுதான் என் கவலை. செக்யூரிட்டி என்றால் சல்யூட் அடித்து கேட் திறக்கிறவர் என்று நினைக்கும் மேனேஜர்கள் இந்தச் சாலையில் நிறையவே இருக்கிறார்கள். சம்பளமும் அப்படித்தான் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரவில்லை என்று மறுபடியும் நிற்கிறவரின் கண்ணில் என்ன படும்?

வல்லம் வடகாலின் இன்றைய நிலைமையையும் யோசியுங்கள். 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் இங்கே திறக்கப்பட்டது. தர்மபுரிப் பெண்ணும் ஒடிசாப் பெண்ணும் ஒரே அறையில் படுத்துறங்குகிறார்கள். ஷிப்ட் விடும் நேரத்தில் சாலையில் இந்தி, ஒடியா, வங்காளம், தெலுங்கு எல்லாம் கலந்து கேட்கிறது. இங்கே எல்லோருமே யாரோ ஒருவருக்கு அந்நியர். 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில் குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். குலதெய்வம் கும்பிடப் போனவர் அவர். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் சுற்றியபோது, எத்தனை பேர் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள்! அந்த நாட்களில் இரு தரப்பிலும் நான்கு பேர் இடுப்பில் துப்பாக்கி இருந்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக்கூட ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வீணுக்கு அல்ல.

ஆயுதம் வேண்டாம் என்று நான் சொல்வதால் மக்கள் கைகட்டி நிற்க வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பஹல்காமில் குதிரைக்காரர் சையது அடில் உசேன் ஷா வெறுங்கையோடுதான் துப்பாக்கியைப் பிடுங்கப் போய் உயிரைக் கொடுத்தார். 2008 நவம்பர் 26 அன்று பயங்கரவாதிகள் தாக்கிய மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே, எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று மைக்கில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குரலைக் கேட்டு உயிர் தப்பியவர்கள் ஏராளம். அவரிடம் இருந்தது ஒரு மைக்கும், நிலையத்தின் எல்லா வாசலும் தெரிந்த அறிவும்.

ஸ்ரீபெரும்புதூர் குண்டில் படுகாயமடைந்து பிழைத்த போலீஸ் அதிகாரி பிரதீப் வி.பிலிப், 1993இல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்தபோது ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். 2021இல் பணி ஓய்வு பெற்ற நாளில், ரத்தக்கறை படிந்த அந்த இரவின் தொப்பியை நீதிமன்ற அனுமதியோடு வாங்கி அணிந்துகொண்டார். குண்டுவெடிப்பில் காயம்பட்டவர் மக்களைத் துணைக்கு அழைத்தார், ஆயுதம் இல்லாமல் அழைத்தார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்த இயக்கத்துக்கும் 2020இல், தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்த சாத்தான்குளம் சம்பவத்தையொட்டிச் சிக்கல் வந்தது. இயக்கத்தினர் மீது குற்றச்சாட்டு எழுந்ததும் அரசு அதற்குத் தடை விதித்தது. லத்தி பிடித்த தன்னார்வலருக்கே இவ்வளவு கண்காணிப்பு தேவைப்படுகிறது.

நம்மால் முடிந்ததைச் செய்வோம். ஸ்டாஃப் பஸ்ஸில் கேட்பாரற்ற பை கிடந்தால் தொடாமல், நகர்த்தாமல், எல்லோரும் இறங்கித் தள்ளி நின்று 112க்கு அடியுங்கள். ரத்தம் பீறிட்டால் கையில் கிடைத்த சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தபடியே 108ஐ அழையுங்கள். இந்த இதழின் கடைசிப் பக்கத்தில் இதையெல்லாம் தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் அச்சிட்டிருக்கிறோம். வெட்டி எடுத்து ஹாஸ்டல் சுவரிலும் மெஸ் வாசலிலும் ஒட்டிவிடுங்கள். கடிதம் எழுதிய ஐயா, ராணுவத்தில் கற்ற முதலுதவியை உங்கள் கேட்டில் நிற்கும் இளைஞர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுக்க முடியுமா? நிர்வாகத்திடம் பேச வேண்டுமென்றால் நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்