பிரேக் பிடிக்கவில்லை

மலைச்சாலை விபத்துச் செய்திகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைகின்றன. வண்டி இறங்கிக்கொண்டிருந்தது, பிரேக் பிடிக்கவில்லை, பள்ளத்தில் பாய்ந்தது. இவ்வாய்பாட்டின் நடு வாக்கியத்தைப் பற்றி நமக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. சென்ற ஆண்டு கொல்லிமலையிலிருந்து இறங்கியபோது அந்த ஐயம் தீர்ந்தது. தீர்ந்த விதம் பெருமைக்குரியதன்று.

முதலில் மொழியைப் பார்ப்போம். 'பிரேக் பிடித்தார்' என்கிறோம். 'பிரேக் பிடிக்கவில்லை' என்றும் சொல்கிறோம். வினை ஒன்றுதான். முன்னதில் எழுவாய் ஓட்டுநர். பின்னதிலோ எழுவாய் பிரேக். (தனித்தமிழ் நண்பர்கள் பொறுத்தருள்க. 'தடுப்பி' என்று எழுதிப் பார்த்தோம். பணிமனையில் ஒருவருக்கும் புரியவில்லை.) செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வது வழக்கில் உள்ளதுதான் எனத் தொல்காப்பியமும் நன்னூலும் இசைவு தந்திருக்கின்றன. யாரோ மெழுகிய திண்ணையைத் 'திண்ணை மெழுகிற்று' என்பதற்கு வகுப்பறையில் அவ்விலக்கணத்தைச் சொல்லித்தான் அமைதி காட்டுகிறோம். திண்ணை அளவில் அதனால் தீங்கில்லை. மலையிறக்கத்தில் வினைமுதல் மறைந்துபோனால் ஒரு குற்றமும் உடன் மறைந்துவிடுகிறது. வண்டி நன்றாக இருந்தும் பிரேக்கைத் தன் காலாலேயே தீர்த்துவிட்டு வந்த ஒருவர் அந்த வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்கிறார்.

கொல்லிமலைக்குக் கல்லூரி ஆசிரியர்கள் நால்வர் சென்றிருந்தோம். வல்வில் ஓரியின் மலை. தமிழ் படித்தவர்களுக்கு அங்குச் செல்லக் காரணம் தேட வேண்டியதில்லை. அறப்பளீசுவரரை வணங்கி, ஆகாய கங்கையின் படிகளில் முழங்கால் நோக இறங்கி ஏறி, மாலை நான்கு மணிக்குத் திரும்பினோம். ஒருவருக்கு நாமக்கல்லில் பேருந்து பிடிக்க வேண்டியிருந்தது. அடிவாரமான காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டியவர், இருபதாண்டு ஓட்டிய அனுபவம் உள்ளவர் என்று தம்மைப் பற்றித் தாமே நம்பிக்கொண்டிருந்தவர். அனுபவம் முழுதும் சமவெளியில் பெற்றது. நேராகத் தெரியும் சிறு துண்டுகளில் வேகம் எடுப்பதும், வளைவின் வாயில் அழுத்தி மிதிப்பதும், வளைந்ததும் மீண்டும் வேகம் எடுப்பதுமாக இறங்கினார். மற்ற மூவரும் கொல்லிப்பாவையைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தோம். பாதி வழியில் கரிந்த நாற்றம் வந்தது. முன்னே போகும் லாரியின் நாற்றம் என்று தீர்மானித்து, அந்த லாரியையும் முந்தினோம்.

இறுதி வளைவுகளுக்குச் சற்று முன்பு பெடல் தரையைத் தொட்டது. எதிர்ப்பே இல்லை, ஈரத்துணியை மிதித்தது போல இருந்தது. இரண்டாம் கியருக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து வடிகால் விளிம்பில் உரசி வண்டியை நிறுத்தினோம். வலப்பக்கம் என்ன இருந்தது என்பதை நால்வருமே அன்று பார்க்கவில்லை. முன் சக்கரங்களிலிருந்து புகை வந்தது. ஒருவர் தண்ணீர்க் குடுவையைத் திறந்துகொண்டு ஓடினார். நாங்கள் முந்திய அதே லாரி பின்னால் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார்.

"தண்ணி ஊத்தாதீங்க சார், டிஸ்க் விட்டுப்போயிரும். ஹேண்ட் பிரேக்கை எடுத்துட்டுக் கல்லு வைங்க" என்றார். கல்லையும் அவரே வைத்தார். பிறகு, "எந்த கியர்ல வந்தீங்க?" என்று கேட்டார். நாங்கள் விடை சொல்லவில்லை. வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னபோது நால்வரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னோம்: "பிரேக் பிடிக்கலை."

எளிய கணக்கு ஒன்றைப் பிறகு போட்டுப் பார்த்தோம். ஆட்களுடன் 1500 கிலோ எடையுள்ள கார் 1000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதாகக் கொள்வோம். அந்த உயரம் தரும் ஆற்றல் ஏறத்தாழ 1 கோடியே 47 லட்சம் ஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் 45 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அதே காரை அடியோடு நிறுத்தும்போது வெளிப்படும் வெப்பத்தைப் போல அது 70 மடங்கு. கொல்லிமலை வளைவுகளின் எண்ணிக்கையோடு இது ஒத்துப்போவது தற்செயல்தான். ஆயினும் அந்த எண்ணைக் கண்டபோது சற்று நேரம் பேச்சு எழவில்லை.

இந்த ஆற்றலை ஓட்டுநர் தவிர்க்க முடியாது. அது எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் அவர் முடிவு செய்யலாம். தாழ்ந்த கியரில் இறங்கினால் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். உயர்ந்த கியரிலோ நியூட்ரலிலோ இறங்கினால் ஏறத்தாழ முழுவதும் சில கிலோ இரும்பின் தலையில் விழுகிறது. இடையிடையே ஆக்ஸிலேட்டரை அழுத்துபவர் மலை தந்த ஆற்றலோடு பெட்ரோலின் ஆற்றலையும் சேர்த்து, அதையும் பிரேக்கிடமே ஒப்படைக்கிறார். நாங்கள் செய்தது இதுதான்.

சூடேறிய பிரேக் இரண்டு வழிகளில் கைவிடுகிறது. ஒன்று, பேடுகளில் உள்ள பிசின் பொருள் சூட்டில் வாயுவாகக் கசிந்து உராய்வைக் குறைப்பது. அப்போது பெடல் கல்லாக நிற்கும், வண்டிதான் நிற்காது. மற்றொன்று, பிரேக் ஆயில் கொதிப்பது. ஆயில் என்று பெயரே ஒழிய, பெரும்பாலான கார்களில் இருப்பது எண்ணெயன்று. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கிளைக்கால் வகைத் திரவம். டாட் 4 என்ற தரத்தின்படி அது புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியசு வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரியாகக் குறைகிறது. திரவம் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். கால் கொடுக்கும் அழுத்தம் சக்கரத்துக்குச் செல்லாமல் ஆவியோடு நின்றுவிடுகிறது. எங்கள் பெடல் தரையைத் தொட்டதன் பொருள் இதுவே. சற்று ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகி, பெடலும் பழையபடி நிற்கும். விபத்துக்குப் பின் சோதிப்பவருக்குப் பிரேக் குற்றமற்றதாகத் தோன்றவும் இடமுண்டு.

இவையெல்லாம் மலை ஓட்டுநர்கள் அறிந்தவை. அரசுப் பேருந்து ஓட்டுநர்கள் தாழ்ந்த கியரில் எஞ்சின் முனக இறங்குவதைக் கண்டு நாம் பொறுமை இழந்திருக்கிறோமே, அந்த முனகல்தான் பிரேக்கைக் காக்கிறது. இன்றைய பெட்ரோல் வண்டிகளில் கியரில் இறங்கும்போது எஞ்சினுக்கு எரிபொருள் செல்வது நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாதிருக்க எரிபொருள் செலவாகும். ஆக, 'நியூட்ரலில் போனால் மிச்சம்' என்ற சிக்கன அறிவுரைக்கும் அடிப்படை இல்லை. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவோரும் உளர். இரண்டொரு மிதிக்குப் பின் பிரேக்குக்குரிய வெற்றிட உதவியும் அவர்களுக்கு இருக்காது.

ஆனால் இதை யார் கற்றுத் தருகிறார்கள்? உரிமம் பெறச் சமதளத்தில் எட்டுப் போட்டுக் காட்டினால் போதும். அவ்வுரிமத்தோடு மறுநாளே கொல்லிமலையும் வால்பாறையும் ஏறலாம். உதகையிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 2018இல் நேர்ந்த கோர விபத்துக்குப் பின்னரே வெளியூர் வண்டிகள் மீது, குறிப்பாக இறங்குவதில், கட்டுப்பாடு வந்தது. ஒரு சாலையை மூடுவது எளிது. ஓட்டுநர் பள்ளியில் ஒரு நாளை மலையிறக்கத்துக்கு ஒதுக்கச் சொல்வது ஏனோ எவருக்கும் எளிதாக இல்லை. அடிவாரச் சோதனைச் சாவடியில் மதுப்புட்டி இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள், மேலே இறங்கத் தொடங்கும் இடத்தில் 'கியர் என்ன?' என்று ஒரு சொல் கேட்டாலும் பயனுண்டு.

வாடகை வேன் ஓட்டுநர்களைக் குறை கூறும்போது பின்னிருக்கைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இருட்டுவதற்குள் ஐந்து இடங்களைப் பார்த்து, இரவே வீடு திரும்பவேண்டும் என்று திட்டம் போடுகிறவர்கள் பயணிகள். "அண்ணே, கொஞ்சம் வெரசாப் போங்க" என்று சொல்கிறவர்களும் அவர்களே. எங்கள் வண்டியிலும் அந்தக் குரல் ஒலித்தது. பேருந்து பிடிக்க வேண்டியவரை அதற்காக நோக விருப்பமில்லை. அவர் சொல்லாதிருந்தாலும் வேகம் குறைந்திருக்காது.

ஓட்டியவரைப் படர்க்கையிலேயே குறிப்பிட்டு வந்திருக்கிறோம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஓட்டியவர் இக்கட்டுரையை எழுதும் நாமேதான். திண்ணை தானாக மெழுகிக்கொள்வதை நகைத்துவிட்டு இதை மறைப்பது முறையன்று. பணிமனையில் மெருகேறிக் கண்ணாடி போலாகிவிட்ட பேடுகளைக் கையில் கொடுத்தார்கள். பிரேக் ஆயில் தேயிலை வடித்த நீரின் நிறத்தில் இருந்தது. கடைசியாக அதை எப்போது மாற்றினோம் என்று கேட்டார்கள்; மாற்ற வேண்டும் என்பதே நமக்குத் தெரியாது.

இவ்வாண்டு மீண்டும் அதே நால்வர் சென்றோம். இறங்கும்போது முதலும் இரண்டும் தவிர வேறு கியர் இல்லை. பின்னால் வந்தவர்கள் ஒலி எழுப்பினார்கள். அகலமான இடங்களில் ஒதுங்கி வழிவிட்டோம். காரவள்ளியில் இறங்கி, முன் சக்கரத்தின் அருகே, தொடாமல், கையை நீட்டிப் பார்த்தோம். வெதுவெதுப்பாக இருந்தது.